போலீஸ் ஸ்டோரி (1985) மறுபடி பாத்தேன், சித்தப்பாவோட, 30 வருஷம் கழிச்சு

குஞ்சப்பனை_வளைவு | ஞாயிறு இரவு 10:12

மூணு நாளா கோத்தகிரி பக்கம் மழை விட்டு விட்டு அடிக்குது, மேகம் எறங்கி எதிர்வீடே தெரியல, ஊர்ல இருந்து சித்தப்பா வேற வந்திருக்காரு, வெளிய எங்கயும் போக முடியாது, என்ன பண்றதுன்னு யோசிச்சு டிவில ஜாக்கி சான் போலீஸ் ஸ்டோரி போட்டேன். முதல் பாகம், 1985ல வந்தது. போட்ட உடனே சித்தப்பா "இது அந்த பொங்கல் படம்டா"ன்னாரு. 30 வருஷத்துக்கு மேல ஆச்சு, அவருக்கு பேரு தெரியாது, படம் தெரிஞ்சிருக்கு.

அந்த பொங்கல் கதைய சொல்லிடறேன். அப்ப நாங்க எஸ்டேட் லயன்ல, அதான் தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டி குடுத்த வீட்டுல, இருந்தோம். பத்து வீட்டுக்காரங்க காசு போட்டு வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்தாங்க, ஜீப்புல கம்பளி சுத்தி டிவிய கொழந்த மாதிரி மடியில வச்சு கொண்டு வந்தாங்க. மூணு கேசட். ரெண்டு தமிழ் படம், மூணாவது கடைக்காரரே "சண்டை படம், எடுத்துட்டு போங்க"ன்னு குடுத்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதான் இது ஓடுச்சு. கரி அடுப்பு அணைஞ்சு போச்சு, பாதி பேரு குல்லாவோட சாஞ்சு தூங்கிட்டாங்க, நடுவுல படம் கோடு கோடா ஓட ஆரம்பிச்சதும் ஸ்பிரிட் தொட்ட வெள்ள பேப்பர வச்சு ஹெட்ட தொடச்சாங்க, அந்த வாசனை இன்னும் மூக்குல இருக்கு. சித்தப்பா என்ன உலுக்கி எழுப்பி "பாரு பாரு, பஸ்ஸ பாரு"ன்னாரு. இங்கிலீஷ் டப்பிங், எங்க யாருக்கும் ஒரு வார்த்தை புரியல, அவரேதான் கதை சொன்னாரு. பாதி அவரா கட்டுனதுன்னு நேத்துதான் எனக்கு தெரிஞ்சுது.

நான் சொல்ல வந்த விஷயம் அந்த பஸ் சீன். பாக்காதவங்களுக்கு: போதை மருந்து கும்பல் தலைவன் ஒரு டபுள் டெக்கர் பஸ்ஸ மடக்கி தப்பிக்கறான், ஜாக்கி வளைஞ்ச கைப்பிடி குடைய பஸ்ஸுல மாட்டிட்டு தொங்கிட்டே போறாரு. எல்லாரும் பேசறது இந்த குடைய பத்தித்தான். ஆனா அதுக்கு அடுத்து நடக்கறத கவனிங்க. கீழ விழுந்ததும் பஸ்ஸு பின்னாடி ரோட்டுல ஓட மாட்டாரு. பஸ் மலைய சுத்தி வளைஞ்சு வரணும், இவரு சரிவுல குறுக்கால எறங்கி ஓடி கீழ் ரோட்டுல முன்னாடி போய் துப்பாக்கிய நீட்டிட்டு நிப்பாரு.

சித்தப்பா அன்னிக்கும் சொன்னாரு நேத்தும் அதே வார்த்தை சொன்னாரு: "நம்மள மாதிரியே குறுக்கால எறங்கறான் பாரு."

மலையில பொறந்தவங்களுக்கு இது புரியும். காலைல ஸ்கூல் பஸ்ஸ மேல் வளைவுல விட்டுட்டோம்னா தேயிலைக்குள்ள பூந்து கீழ் வளைவுக்கு ஓடுவோம். கொழுந்து எடுக்கறவங்க நடந்து நடந்து போட்ட தடம் இருக்கும், அதுல கால வச்சா தப்பிச்சோம், கொஞ்சம் தவறுனா கவாத்து பண்ண குச்சி முழங்கால கிழிச்சிடும். பஸ் ஹார்ன் மேல கேக்கும், அப்புறம் இடது பக்கம் கேக்கும், அந்த சத்தத்த வச்சே எவ்வளவு நேரம் இருக்குன்னு கணக்கு போட்டுட்டே ஓடுவோம். ஹாங்காங்கும் மலை ஊருதான். அந்த ஆளு ஓடற ஓட்டத்துல இருக்கறது அதே கணக்குதான். சின்ன வயசுல அது நம்ம ஊரு ஆளுன்னே நெனச்சேன், நேத்தும் அப்படித்தான் தோணுச்சு.

வேற யாராவது சமீபத்துல திரும்ப பாத்தீங்களா?

---

ஊட்டி_வர்க்கி | ஞாயிறு இரவு 10:40

அண்ணே நான் போன வருஷம்தான் முதல் தடவை பாத்தேன், எனக்கு 22 வயசு. சின்ன வயசுல டிவில தமிழ் டப்பிங்ல வர்ற ஜாக்கி படமெல்லாம் லீவு நாள்ல பாத்து வளந்தவன், ஆனா அதெல்லாம் அவரு அமெரிக்கா போனதுக்கப்புறம் நடிச்ச படங்கதான் அதிகம். பழசு இப்படி இருக்கும்னு தெரியாது. ஆரம்பத்துல மலைச்சரிவுல இருக்கற குடிசைங்க நடுவுல கார் எறங்குமே, அத பாத்துட்டு நான் நிறுத்தி ரிவைண்ட் பண்ணி நாலு தடவை பாத்தேன். கம்ப்யூட்டர் வேலையே இல்லாம எப்படிண்ணே எடுத்தாங்க? குடிசை ஒவ்வொண்ணா நொறுங்கிட்டே வருது, ஆளுங்க ரெண்டு பக்கமும் தெறிச்சு ஓடறாங்க.

---

மரப்பாலம்_ஸ்டியரிங் | ஞாயிறு இரவு 11:25

நான் 26 வருஷமா மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டுல வண்டி ஓட்டறேன், இப்ப டூரிஸ்ட் வேன். அந்த கார் சீன பத்தி நான் சொல்றேன் தம்பி.

சரிவுல வண்டிய எறக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. ரெண்டாவது கியர்ல போட்டு எஞ்சினே வண்டிய புடிக்கற மாதிரி எறக்கணும், சும்மா சும்மா பிரேக்க மிதிச்சா லைனிங் சூடாகி கருகல் வாசனை வரும், அதுக்கு மேல மிதிச்சா பிரேக் புடிக்காது, கால் சும்மா எறங்கும். கீழ இருந்து வர்றவங்க பர்லியாறு தாண்டினதும் அந்த வாசனை எதிர்ல எறங்கற வண்டில இருந்து அடிக்கும், பிளெயின்ஸ்ல ஓட்டி பழகினவங்க வண்டிங்க. அந்த சீன்ல கார் குடிசை மேல எறங்குறப்ப பாருங்க, அத டிரைவர் ஓட்டல, சரிவுதான் ஓட்டுது. வண்டி பின்பக்கம் தூக்கி தூக்கி விழும், மூக்கு குத்தும், உள்ள இருக்கறவன் ஸ்டியரிங்க புடிச்சிருக்கறது விழாம இருக்கத்தான். நடிச்சு காட்டற விஷயம் இல்ல அது. நான் பாக்கும்போது என் வலது கால் தானா பிரேக்க தேடுச்சு.

இன்னொண்ணு. அந்த பஸ் சடன் பிரேக் போட்டு நிக்கும், மாடியில இருக்கற ஆளுங்க கண்ணாடிய ஒடச்சிட்டு முன்னாடி ரோட்டுல வந்து விழுவாங்க. அது எனக்கு பாக்க முடியல. ரோடு எவ்வளவு கெட்டின்னு தெரிஞ்சவன் பாக்க முடியாது.

---

பழைய_ரீல் | திங்கள் காலை 7:05

ஸ்டியரிங் அண்ணே நீங்க பாக்க முடியலன்னு சொன்னது சரியான இடம். அந்த ஸ்டண்ட் ஆளுங்க ரோட்டுல விழ வேண்டியவங்களே இல்ல. முன்னாடி ஒரு கார் நிக்கும், அது மேல விழுந்து வேகம் கொறையணும், அதான் திட்டம். பஸ் நெனச்ச இடத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சு, ஆளுங்க காருக்கு எட்டாம நேரா தார் ரோட்டுல விழுந்தாங்க. படத்துல இருக்கறது அந்த தவறின டேக்தான்.

இந்த பஸ் சீன டாங்கோ அண்ட் கேஷ்னு 1989ல வந்த ஹாலிவுட் படத்துல ஆரம்பத்துலயே அப்படியே எடுத்திருப்பாங்க, பஸ்ஸுக்கு பதிலா டேங்கர் லாரி. குடிசை மேல கார் எறங்குறது 2003ல பேட் பாய்ஸ் ரெண்டாம் பாகத்துல வரும். ரெண்டையும் பாருங்க, பாத்துட்டு திரும்ப இத பாருங்க. பணம் அவங்க பக்கம், எடை இவங்க பக்கம்.

படம் எப்படி உருவாச்சுன்னும் சொல்லணும். ஜாக்கி அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல தி ப்ரொடெக்டர்னு ஒரு போலீஸ் படத்துல நடிச்சாரு. சண்டைய எப்படி எடுக்கணும்னு அவருக்கும் அந்த டைரக்டருக்கும் ஒத்தே போகல. ஊருக்கு திரும்பி வந்து "போலீஸ் படம்னா இப்படி எடுக்கணும்"னு தானே டைரக்ட் பண்ணி எடுத்ததுதான் போலீஸ் ஸ்டோரி. 1986 ஹாங்காங் ஃபிலிம் அவார்ட்ஸ்ல சிறந்த படம் விருது இதுக்குத்தான். சண்டை காமெடி படத்துக்கு சிறந்த படம் குடுக்கறாங்க, நம்ம பக்கம் அப்படி ஒண்ணு நடக்குமா யோசிச்சு பாருங்க. எனக்கு இதுல நெஜமாவே வருத்தம் உண்டு, நம்ம ஊர்ல சிரிக்க வச்சவங்களையும் அடி வாங்கினவங்களையும் விருது மேடையில ரெண்டாம் வரிசையிலதான் உக்கார வைக்கறோம்.

---

குஞ்சப்பனை_வளைவு | திங்கள் காலை 8:30

ரீல் அண்ணே இந்த விஷயமெல்லாம் தெரியாமலேதான் நாங்க அன்னிக்கு பாத்தோம்.

எனக்கு நேத்து புதுசா பட்டது போன் சீன். சின்ன வயசுல அது ஓடும்போது தூங்கிட்டேன் போல, நெனப்புல இல்லவே இல்ல. கேஸ் கோர்ட்ல கவுந்து போயி ஜாக்கிய ஊருக்கு வெளிய ஒரு சின்ன ஸ்டேஷன்ல போட்டுடறாங்க. ஆளே இல்ல. மேஜை மேல வரிசையா போன். ஒண்ணு அடிக்குது, எடுக்கறாரு, இன்னொண்ணு அடிக்குது, உருளற நாற்காலியோட அந்த பக்கம் போறாரு, மூணாவது அடிக்குது. ஒரு ரிசீவர் தோள்ல, ஒண்ணு காதுல, வயர் கழுத்துல சுத்துது, யாருகிட்ட என்ன சொல்றாருன்னு அவருக்கே குழம்புது, ஆனா கை குழம்பாது. அந்த ரிசீவர் கை மாறற இடத்த மட்டும் பாருங்க. இடது கையில இருக்கறத தாடைல மாட்டிட்டு அதே வேகத்துல அந்த கை அடுத்த போனுக்கு போகுது, பாக்காமலே. கொழுந்து எடுக்கறவங்க கை அப்படித்தான் போகும். எங்க அம்மா பேசிட்டே எடுப்பாங்க, கண்ணு எங்கயோ இருக்கும், ரெண்டு கையும் எலைய தேடி போயி கிள்ளி தோளுக்கு மேல பின்னாடி கூடைக்கு போட்டுட்டு திரும்ப வரும். கூடைக்குள்ள விழுதான்னு திரும்பி பாக்கவே மாட்டாங்க.

அந்த சீன்ல ஒரு அடிதடியும் இல்ல. ஆனா கடைசில வர்ற ஷாப்பிங் மால் சண்டையில இருக்கற அதே உடம்பு, அதே நேரக்கணக்கு. சண்டையும் காமெடியும் ரெண்டு தனித்தனி சமாச்சாரம், கொஞ்சம் இது கொஞ்சம் அதுன்னு கலக்கறாங்கன்னுதான் இவ்வளவு நாள் நெனச்சிட்டிருந்தேன். அப்படி இல்லங்க. ரெண்டும் ஒரே வேலை. ஒரு கால் அரை நொடி முன்னாடி எடுத்து வச்சா அடி, அரை நொடி பின்னாடி வச்சா சிரிப்பு. சாணிய மிதிச்சிட்டு மூன்வாக் போட்டு காலை தேய்ச்சு தொடைக்கறாரே, அந்த காலும் சரிவுல ஓடுன காலும் ஒண்ணுதானே.

சித்தப்பா சாணி சீனுக்கு இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாரு. மாடு கட்டுன வீட்டுக்காரர்.

---

கேத்தி_ஜன்னல் | திங்கள் மதியம் 1:15

எனக்கும் புடிச்ச படம்தான், ஜாக்கி மேல எனக்கு மரியாதையும் உண்டு, ஆனா ஒரு விஷயம் யாரும் சொல்லலயே அதனால நான் சொல்றேன். பொண்ணுங்கள இந்த படம் நடத்தற விதம் இப்ப பாக்கும்போது உறுத்துது. சாட்சி சொல்ல வேண்டிய பொண்ணு, பிரிஜிட் லின் நடிச்சது, போலீஸ் பாதுகாப்பு வேணாம்னு சொல்லுது. அத சம்மதிக்க வைக்க ஜாக்கி தன்னோட கூட்டாளிக்கே வேஷம் போட்டு ராத்திரில வீட்டுக்குள்ள அனுப்பி கத்திய காட்டி பயமுறுத்தறாரு. அத முழுக்க காமெடியா எடுத்திருக்காங்க. தனியா இருக்கற பொண்ணு வீட்டுக்குள்ள ஒருத்தன் கத்தியோட வர்றது எனக்கு சிரிப்பு இல்ல. நான் ஹாஸ்டல்ல தனியா இருந்தவ, அந்த சீன் வந்தப்ப கைய இறுக்கி புடிச்சிட்டேன்.

அடுத்தது மேகி சியுங். அந்த பொண்ணுக்கு அப்ப 20, 21 வயசுதான். காதலியா வந்து கோவிச்சுக்கிட்டு அழுதுட்டு போறதுதான் வேலை. அதே மேகி 2000ல இன் தி மூட் ஃபார் லவ்ல மாடிப்படில நூடுல்ஸ் தூக்கு எடுத்துட்டு எறங்குறதுக்கே உலகம் பூரா எழுதினாங்க, 2004ல கான் விழாவுல சிறந்த நடிகை விருது வாங்குனாங்க. இங்க அவங்களுக்கு குடுத்தது ஒண்ணுமே இல்ல. இத்தனைக்கும் 1988ல ரெண்டாம் பாகம் எடுக்கும்போது இரும்பு சட்டம் விழுந்து தலையில அடிபட்டு தையல் போடற அளவுக்கு ஆச்சு. அடி மட்டும் சமமா கெடச்சிருக்கு.

திட்டறதுக்காக சொல்லல. புடிச்ச படம்ங்கறதாலதான் சொல்றேன்.

---

குஞ்சப்பனை_வளைவு | திங்கள் மாலை 6:50

அக்கா நீங்க சொன்னது சரி. அந்த கத்தி சீன் ஓடுறப்ப என் பொண்ணு, ஒம்பது வயசு, "ஏம்பா போலீஸே பொய் சொல்றாங்க"ன்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்ல. சித்தப்பா "அது தப்புதான் கண்ணு"ன்னாரு, அவ்வளவுதான். அவரு அன்னிக்கு லயன்ல கதை சொன்னப்ப அந்த சீனுக்கு என்ன சொன்னாருன்னு கேட்டேன். "நெஜமாவே ரவுடி வந்தான், இவன் காப்பாத்தினான்"னு மாத்தி சொன்னாராம். புரியாம மாத்தல, புள்ளைங்க உக்காந்திருந்தாங்கன்னு மாத்தினாராம். இத எழுதும்போது எனக்கு கண்ணு கலங்குது.

படத்துக்குள்ளயே அதுக்கு ஒரு தண்டனை இருக்குன்னு எனக்கு படுது. அந்த பொண்ணுக்கு ஏமாத்துனது தெரிஞ்சு போகுது, சாட்சி கையவிட்டு போகுது, கோர்ட்ல போட்ட டேப்பே இவருக்கு எதிரா திரும்பி எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சு நிக்கறாரு. ஆனா அதையும் சிரிப்பாத்தான் எடுத்திருக்காங்க, அதனால நீங்க சொன்ன உறுத்தல் தீராது, ஒத்துக்கறேன்.

---

பழைய_ரீல் | திங்கள் இரவு 8:20

கேத்தி தோழி சொன்னதுக்கு தொடர்ச்சியா ஒண்ணு. 1992ல வந்த மூணாம் பாகம் பாருங்க, டைரக்டர் ஸ்டான்லி டோங், கூட மிஷெல் யோ. அதுல அவங்க மோட்டார் பைக்ல சரிவுல ஏறி ஓடற ரயில் மேலயே போய் எறங்குவாங்க. ஜாக்கிக்கு ஒரு இஞ்சு கொறையல. பிற்பாடு 2023ல சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்குனாங்களே, எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ், அந்த கதைய எழுதுனவங்க முதல்ல ஜாக்கிய மனசுல வச்சுத்தான் எழுதினாங்க, அப்புறம் பொண்ணு பாத்திரமா மாத்தினாங்க.

ரயில் மேலன்னு சொன்னதும் நம்ம மலை ரயில்தான் ஞாபகம் வருது, 1998ல தில் சே பாட்டுக்கு அத்தன பேரு ஓடற ரயில் கூரை மேல ஆடுனாங்க. குன்னூர்ல அத நேர்ல பாத்தவங்க இன்னும் அத பேசுவாங்க.

---

கல்லாறு_பாக்கு | திங்கள் இரவு 9:02

கீழ இருந்து எட்டி பாக்கறேனுங்க. ஏனுங்க, எல்லாரும் பேசறீங்க, அந்த மால் கம்பத்த பத்தி யாரும் பேசலீங்களே? எனக்கு படம்னா அதுதானுங்க.

---

பழைய_ரீல் | திங்கள் இரவு 9:45

வாங்க கல்லாறு. அதுக்குத்தான் காத்திட்டிருந்தேன்.

கடைசி சண்டை ஒரு ஷாப்பிங் மால்ல நடக்கும், ஹாங்காங்ல சிம் ஷா சுய் பக்கம். பகல்ல மால் தொறந்திருக்கும், அதனால மூடுனதுக்கப்புறம் ராத்திரி ராத்திரியா எடுத்தாங்க. கண்ணாடி ஒடையறதுக்கு கணக்கே இல்ல, படக்குழுவே "கிளாஸ் ஸ்டோரி"ன்னு பேரு வச்சு கூப்பிட்டாங்க. வழக்கமா சண்டை படத்துல வைக்கற மெல்லிசு கண்ணாடி இல்ல, அத விட தடிச்சது. அதனாலதான் ஒடையற சத்தத்துலயே நம்ம பல்லு கூசும்.

கம்பம்: நடுக்கூடத்துல மேல்தளம் வரைக்கும் போற இரும்பு கம்பம், சுத்தி சீரியல் பல்பு சரம் சரமா கட்டியிருக்கும். மேல் மாடி கம்பிய தாண்டி தாவி அத புடிச்சு பல்பெல்லாம் படபடன்னு வெடிக்க கீழ வரைக்கும் சறுக்கி கண்ணாடி கூரைய ஒடச்சிட்டு தரையில விழுவாரு. பல்புக்கு கொறஞ்ச வோல்டேஜ் பேட்டரி கரண்ட்தான் குடுக்கணும்னு பேச்சு. யாரோ நேரா மெயின் லைன்ல சொருகிட்டாங்க. கம்பமும் பல்பும் கொதிச்சு போயிருந்துச்சு. ரெண்டு கையும் வெந்து, முதுகெலும்புல அடி, இடுப்பெலும்பு வேற நகந்து போச்சு. இதெல்லாம் அவரே பல தடவை சொல்லியிருக்காரு. ஒரே டேக். பல கேமரா வச்சு எடுத்ததால படத்துல மூணு கோணத்துல மூணு தடவை வரும். நாடகம் மாதிரி இழுக்கறதுக்காக இல்ல. "இது நான்தான், வெட்டு இல்ல, பாத்துக்கங்க"ன்னு காட்டறதுக்கு.

விழுந்ததும் ஒடனே எழுந்து ஓடுவாரே, அந்த எழுந்திரிக்கறது இருக்கு பாருங்க, எனக்கு அது சறுக்கறத விட பெருசு.

---

மரப்பாலம்_ஸ்டியரிங் | திங்கள் இரவு 10:30

தாவறதுக்கு முன்னாடி ஒரு கத்து கத்துவாரு. அது வில்லனுக்காக கத்தறது இல்ல. நாங்க லோடு ஏத்தும்போது மூட்டைய தோளுக்கு தூக்கறப்ப வாயில இருந்து வருமே ஒரு சத்தம், அது.

---

ஊட்டி_வர்க்கி | செவ்வாய் காலை 6:55

ஒரு சந்தேகம். நான் தமிழ் டப்பிங்ல பாக்கறதா, ஹாங்காங் பாஷை கான்டோனீஸ்ல சப்டைட்டிலோட பாக்கறதா? எங்க காலேஜ்ல டப்பிங்ல பாத்தா மட்டமா பேசறாங்க.

---

பழைய_ரீல் | செவ்வாய் காலை 7:40

தம்பி மட்டமா பேசறவங்க கிட்ட இத சொல்லுங்க. அந்த காலத்து ஹாங்காங் படங்கள்ல ஷூட்டிங் எடத்துல சத்தத்த பதிவு பண்றது அபூர்வம், படம் எடுத்து முடிச்சிட்டு ஸ்டுடியோல குரல் சேர்ப்பாங்க, கான்டோனீஸும் அப்படித்தான். அப்ப இந்த படத்துக்கு எல்லா மொழியுமே ஒரு வகையில டப்பிங்தான். மூணாம் பாகம் 1992ல வந்தப்பதான் நேரடி ஒலிப்பதிவுக்கு மாறினாங்க. முதல் தடவை தமிழ்ல பாருங்க, கண்ணு எழுத்துக்கு போகாது, உடம்ப முழுசா பாக்கலாம். ரெண்டாவது தடவை கான்டோனீஸ்ல பாருங்க, அடிக்கும் பேச்சுக்கும் உள்ள தாளம் வேற மாதிரி கேக்கும். பிரிண்ட் மட்டும் நல்லதா பாருங்க. 4கே-ல சுத்தம் பண்ணி 2019ல பழைய படங்கள டிஸ்க்கா போடற கிரைட்டீரியன் கம்பெனிக்காரங்க முதல் ரெண்டு பாகத்தையும் ஒண்ணா வெளியிட்டாங்க. இருட்டு மூலையெல்லாம் தெளிவா தெரியும், கண்ணாடி சில்லு அவரு தோள்ல ஒட்டிட்டு வர்றது வரைக்கும்.

அப்படியே 1983ல வந்த ப்ராஜக்ட் ஏ-வும் பாத்துடுங்க. கடிகார கோபுரத்துல இருந்து ரெண்டு துணிப்பந்தல கிழிச்சிட்டு விழுவாரு. 1923ல ஊமைப்பட காமெடியன் ஹெரால்ட் லாயிட் கடிகார முள்ள புடிச்சு தொங்குனாரே, அதுக்கு போட்ட கும்பிடு அது. லாயிட் விழல, இவரு விழுந்து காட்டினாரு. இன்னொரு ஊமைப்பட காமெடியன் பஸ்டர் கீட்டனோட ஸ்டீம்போட் பில் ஜூனியர், 1928, வீட்டு சுவரு முழுசா சாஞ்சு மேல விழும், ஜன்னல் ஓட்டைக்குள்ள நின்னு தப்பிப்பாரு. ஜாக்கியோட அப்பா வழி பாட்டன் பேரு தெரியணும்னா அங்க போகணும்.

---

கேத்தி_ஜன்னல் | செவ்வாய் காலை 9:10

கடைசில எழுத்து ஓடும்போது அடிபட்டது தவறுனதெல்லாம் காட்டுவாங்களே, எனக்கு படத்துல ரொம்ப புடிச்சது அதுதான். ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு போறது, ரத்தம் தொடைக்கறது. 1981ல தி கேனன்பால் ரன்ல நடிச்சப்ப அந்த டைரக்டர் ஹால் நீதம் கடைசில தவறுன டேக்கெல்லாம் போட்டத பாத்துத்தான் இவரு ஆரம்பிச்சாரு. அங்க அது ஜாலிக்கு, வசனம் மறந்து சிரிக்கறது. இங்க வந்ததும் அதுவே வேற ஒண்ணா ஆயிடுச்சு. பேரு தெரியாத ஸ்டண்ட் ஆளுங்க முகம் அங்கதான் ஒரு தடவையாவது நேரா தெரியுது.

எங்க அப்பா அருவங்காட்டுல ஃபேக்டரி வேலை பாத்தவரு, சினிமா எழுத்து ஓடுறப்ப எழுந்து போறவர இந்த ஒரு படத்துக்கு மட்டும்தான் உக்காந்து பாத்து நான் பாத்திருக்கேன். "வேலை செஞ்சவங்கள காட்டறான்"னாரு.

---

கல்லாறு_பாக்கு | செவ்வாய் மதியம் 12:20

ஜாக்கி 2008ல சென்னைக்கு வந்தாருங்களே, தசாவதாரம் பாட்டு வெளியீட்டுக்கு. நான் டிவில பாத்தேனுங்க. மேடையில கீழ கிடந்த பேப்பர அவரே குனிஞ்சு பொறுக்குனத அப்ப எல்லாரும் ஆச்சரியமா பேசிக்கிட்டாங்க. எனக்கு ஆச்சரியமே இல்லீங்க. தினமும் தரையில உருண்டு வேலை பாக்கறவருக்கு தரைய சுத்தமா வச்சுக்கற புத்தி தானா வரும்.

---

குஞ்சப்பனை_வளைவு | செவ்வாய் இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணையும் சித்தப்பாவுக்கு படிச்சு காட்டினேன். மரப்பாலம் அண்ணன் எழுதுன அந்த சத்தத்த பத்தி ரெண்டு தடவை படிக்க சொன்னாரு. அவரு 31 வருஷம் கொழுந்து லாரி ஓட்டினவரு, ஃபேக்டரிக்கும் தோட்டத்துக்கும், கிளச் மிதிச்சு மிதிச்சு இடது முட்டி தேஞ்சு போச்சு, இப்ப படி எறங்க சுவர புடிக்கணும்.

இன்னிக்கு மழை விட்டுச்சு. காலைல பொண்ணு "தாத்தா அந்த குறுக்கு வழிய காட்டு"ன்னு புடிச்சிட்டா. பழைய லயன் இருந்த எடத்துக்கு மேல ரோட்டு வரைக்கும் மெதுவா நடந்தோம். தடம் அப்படியே இருக்கு. பாதி தூரத்துக்கு கல்படி போட்டிருக்காங்க, மீதி மண்ணுதான், போன மாசம் கவாத்து பண்ண பக்கம் வெறும் குச்சியா நிக்குது. காட்டெருமை ஏதாவது படுத்திருக்கான்னு நின்னு ரெண்டு நிமிஷம் பாத்தோம், இல்ல.

சித்தப்பா மேல ரோட்டுலயே நின்னுட்டாரு, வளைஞ்ச கைப்பிடி குடைய ஊனிக்கிட்டு. நான் முன்னாடியே எறங்கி கீழ் வளைவுல தடுப்பு சுவர் உள்பக்கம் நின்னேன். ஒம்பதரை பஸ் மேல அவர தாண்டும்போது கைய ஆட்டினாரு. பொண்ணு கெளம்பிட்டா. தேயிலைக்கு மேல தலை மட்டும் தெரியுது, மறையுது, தெரியுது. ஒரு எடத்துல சறுக்கி உக்காந்துட்டா, மேல இருந்து சித்தப்பா "கால பக்கவாட்டுல வையி, நேரா வைக்காத"ன்னு கத்தறது எனக்கு கீழ வரைக்கும் கேட்டுச்சு. ஹார்ன் சத்தம் இடது பக்கம் வந்துச்சு, அப்புறம் மரத்துக்கு பின்னாடி போச்சு.

அவ என்கிட்ட வந்து சுவர புடிச்சு நின்னு மூச்சு வாங்கிட்டிருக்கும்போதுதான் பஸ் திரும்புச்சு. டிரைவர் எங்கள பாத்து ஹார்ன் ரெண்டு தடவை அடிச்சாரு. பாவாடை பூரா செம்மண், முழங்கால்ல கீறல். திரும்பி மேல பாத்தா சித்தப்பா ரெண்டு கையாலயும் குடைய தலைக்கு மேல தூக்கி புடிச்சிட்டு நிக்கறாரு.

சனிக்கெழம ரெண்டாம் பாகம் பாக்கறோம். ரீல் அண்ணே, அதுல புள்ளைக்கு காட்டக் கூடாத எடம் ஏதாவது இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, சித்தப்பா கதைய மாத்தி சொல்றேன்னு தயாரா இருக்காரு.